மத்தியானத்தில் தூங்கும் போன்

ஒரகடம் கூட்டுரோட்டில் அந்த விளம்பரப் பலகையை வைத்தவன் இடம் பார்த்துத்தான் வைத்திருந்தான். ஓர்மி கம்பெனிக்குப் போகிற பஸ் அத்தனையும் அந்தத் திருப்பத்தில் நின்றுதான் திரும்ப வேண்டும். பலகையில் இரண்டு போன்கள். வெல்ட்ரா போன் பளபளவென்று எரிந்தது. பக்கத்திலேயே ஓர்மி போன் அணைந்து கறுத்துக் கிடந்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘ஒன்று ராத்திரி வரை விழித்திருக்கும். இன்னொன்று மத்தியானமே தூங்கிவிடும்.’ அதற்கும் கீழே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் தெரிகிற எழுத்தில், ‘உண்மையான சோதனையின்படி’ என்று இருந்தது. ஓர்மி போன் செய்கிற ஜனங்கள் வேலைக்குப் போகும்போது ஒருதரமும் வரும்போது ஒருதரமும் இதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எவனோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்த இடம் அது. மகராசன், நன்றாக இருக்கட்டும்.

அந்த ‘உண்மையான சோதனை’ நடந்த அறையில் வேலை பார்த்தவள் பிரவீனா. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிற வெல்ட்ரா ஆலையில் டெஸ்ட் ரூம். கான்ட்ராக்ட் வேலைதான். அவள் புருஷன் லோகேஷ் ஓர்மி ஆலையில் பேட்டரி மாட்டுகிற இடத்தில் நின்றான். அவனும் கான்ட்ராக்ட். எதிரும் புதிருமான இரண்டு கம்பெனிகளும் வடக்குப்பட்டில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சோறு தின்றுகொண்டிருந்தன. அதில் அவர்களுக்கு ஒரு சிரிப்பும் இருந்தது, விளம்பரம் வருகிறவரைக்கும்.

விளம்பரத்தை அவள் முதலில் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். பக்கத்து சீட்டு மதிவதனி போனை நீட்டி, "பாருடி, நம்ம ரூமு டிவில வருது" என்றாள். இரண்டு போனிலும் ஒரே படம் ஓடுகிறது. கடிகார முள் சுற்றுகிறது. மூன்று மணிக்கு ஓர்மி பொசுக்கென்று அணைகிறது. மதிவதனி சிரித்தாள். பிரவீனா போனை வாங்கி இன்னொருதரம் ஓடவிட்டுப் பார்த்தாள். புதுப் போன் எதுவும் அப்படி அணையாது. அப்படி அணைகிற போன் எது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தேய்ப்பதுதான் அவள் வேலை.

டெஸ்ட் ரூமில் போன்களை வேண்டுமென்றே கிழடாக்குவார்கள். பேட்டரியில் சார்ஜை ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி, இரண்டு வருஷத்துத் தேய்மானத்தைச் சில வாரத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். சொந்தப் போனை மட்டுமில்லை, கடையிலிருந்து எதிராளியின் போனையும் வாங்கிவந்து தேய்ப்பார்கள். மேலுக்குப் பார்த்தால் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரியாது. முதுகில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் ஒன்றுதான் அடையாளம்.

படம் எடுக்கப் பெங்களூரிலிருந்து வந்த விளம்பரக்காரர்கள், ஸ்டிக்கரெல்லாம் கேமராவில் அசிங்கமாகத் தெரிகிறது, எடுத்துவிட்டுத் துடைத்து வையுங்கள் என்றார்கள். பிரவீனா எடுத்தாள். மறந்துவிடக் கூடாது என்று, பழசைச் சுவர்ப் பக்கமும் புதுசைக் கதவுப் பக்கமுமாக மேசையில் பிரித்து வைத்துவிட்டு டீக்குப் போனாள். அவள் போன நேரத்தில் வெளிச்சம் சரியில்லை என்று அவர்கள் மேசையைப் போன்களோடு அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். திரும்பி வந்தவளிடம், "ஒரு ஓர்மி குடுங்க" என்று கை நீட்டினார்கள். கதவுப் பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் சதியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. ஒரு பெண்பிள்ளை டீ குடிக்கப் போனாள்.

விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்கே அவள் ஒரு காரியம் செய்தாள். பழசு என்று அலமாரியில் மிச்சம் வைத்திருந்த ஓர்மியை எடுத்து, முழுக்க ஏற்றி, வெல்ட்ராவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டாள். அவள் ஷிப்ட் முடிந்து, அடுத்த ஷிப்ட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்து, காலையில் போய்க் கேட்டாள். ராத்திரி வெல்ட்ரா அணைந்த பிறகும் ஓர்மி கொஞ்ச நேரம் ஓடியது என்றாள் அந்தப் பெண். அப்படியானால் அலமாரியில் இருந்ததுதான் புதுசு, விளம்பரத்துக்குப் போனது கிழடு.

டெஸ்ட் ரூமுக்குப் பொறுப்பு வனமாமலை. நாங்குநேரிக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, பெண்களைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறவர். பிரவீனா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, இத வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. தீவாளி சேல்ஸ் ஓடிக்கிட்டிருக்கு. இப்பப் போயி மேல சொன்னா, என்னையும் உன்னையும் சேத்து வெளிய தள்ளிருவான். பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரச் சொல்லி வச்சிருக்கேன், பாத்துக்க. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் வாயைத் தைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்று எண்ணப் புகுந்தால் பொழுது போதாது. பிரவீனாவும் தைத்துக்கொண்டாள்.

ஓர்மியில் என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை. கூட்டுரோட்டில் இத்தனை பெரிய பொய்யை எழுதி வைத்திருக்கிறானே, இவன் சோதனையைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம் என்று மேலே இருந்தவர்களுக்கு உடனே தோன்றவில்லை. கீழே இருக்கிறவனின் கையைச் சந்தேகப்படத்தான் தோன்றியது. பேட்டரி மாட்டுகிற இடத்தில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். லோகேஷ் தினமும் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சரியா அழுத்தலயோ இன்னாவோ" என்றான். "கிளிக்குனு சத்தம் கேக்கணும். கேட்டுச்சின்னுதான் நெனைக்கிறேன். இப்போ யோசிச்சா கேட்டுச்சா இல்லியான்னே தெரில."

"அதெல்லாம் நீ சரியாத்தான் மாட்டியிருப்ப" என்றாள் பிரவீனா.

"உனுக்கு இன்னா தெரியும். டிவிலயே காட்டுறானே."

அவளுக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்ததை ரசத்தோடு விழுங்கினாள். சொன்னால் இவன் ஆத்திரத்தில் லைனில் போய்ச் சொல்லுவான், அது அங்கேயிருந்து இங்கே வரும், பர்மனென்ட் போகும். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பட்டது. புருஷன் தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள். அது பாவம் என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தோணிராஜை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லோகேஷோடு அதே இடத்தில் பேட்டரி மாட்டியவன், வாலாஜாபாத்துக்காரன். இவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதிலிருந்து பாத்திரம் திருப்பிக் கொடுத்தது வரை இழுத்துப் போட்டுச் செய்தவன். "அவன் மாட்டுனதுதான் லூஸா கீதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்களாம்" என்று லோகேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதற்குப் பிறகு அந்தோணிராஜ் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை. பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தான். சிநேகிதன் போன வருத்தம் என்று பிரவீனா நினைத்தாள்.

வாலாஜாபாத் சந்தையில் ஒருநாள் அந்தோணிராஜின் பொண்டாட்டி அமலா எதிர்ப்பட்டாள். வயிற்றில் ஆறு மாதம்.

"எந்த கம்பெனிக்குப் போனாலும், தப்பு வேல செஞ்சி அனுப்புனவன்னு சேக்க மாட்டேங்கிறாங்கக்கா" என்றாள். "இவரு ராத்திரில எழுந்து குந்திக்கினு, நான் சரியாத்தான் மாட்டுனேன், சரியாத்தான் மாட்டுனேன்னு பொலம்பிக்கினு கீறாரு. அண்ணன வுட்டு சூபர்வைசர்கிட்ட ஒரு வார்த்த சொல்ல சொல்லுக்கா."

சொல்கிறேன் என்றாள் பிரவீனா. வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

தீபாவளி முடிந்தது. வெல்ட்ரா வண்டி வண்டியாக விற்றது. அதன் பிறகு சாவகாசமாக ஓர்மிக்காரர்களுக்கு மூளை வேலை செய்தது. அவர்களே சோதித்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தார்கள். லைனில் நிற்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அந்தோணிராஜைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. வெல்ட்ராவில் மேலே இருந்தவர்கள் பதறவெல்லாம் இல்லை. விற்க வேண்டியது விற்றாயிற்று. பலகையைக் கழற்றுவதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? யார் தலையிலாவது கட்ட வேண்டும், அவ்வளவுதான். வனமாமலை பிரவீனாவைக் கூப்பிட்டார்.

"நடந்தத நடந்தபடி சொல்லிரும்மா. நெசத்தத்தானே சொல்லச் சொல்லுதோம். மேசை மாறிப்போச்சி, தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன்னு சொல்லு. மறுநாளே எங்கிட்டச் சொன்னத மட்டும் விட்டுரு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது, நான் இருக்கேன்லா."

அவள் அப்படியே சொன்னாள். பெரிய திரையில் கோட்டுப் போட்ட நாலைந்து பேர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இதே உண்மையை அன்றைக்குச் சொன்னபோது கதவைச் சாத்தினார்கள், இன்றைக்கு மைக் வைத்துக் கேட்டார்கள். மறுநாள் ‘ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்’ என்று கம்பெனி அறிக்கை விட்டது. பிரவீனாவின் அடையாள அட்டை கேட்டில் வேலை செய்யவில்லை. வனமாமலை லீவில் இருந்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். லோகேஷுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா, இந்நேரத்துக்கே வந்துட்ட?"

"நிறுத்திட்டாங்க" என்றாள்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டிக்கரை, மேசையை, டீயை, வனமாமலையை. சொல்லச் சொல்ல அவளுக்கு உள்ளே ஏதோ இளகிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும், இவன் முகம் தெளிந்தால் போதும் என்று மனசார நினைத்தாள்.

"உன் கைல ஒரு கோளாறும் இல்லய்யா. அது நல்ல போனு. எங்க போன வுட ஜாஸ்தி ஓடுச்சி. உன் கைய பாத்துப் பாத்து நீ நொந்துக்கினு இருந்தியே, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

லோகேஷின் முகம் தெளியவில்லை.

"எப்போ தெரியும் உனுக்கு?"

"விளம்பரம் வந்த மறுநாளே."

"அந்தோணிய நிறுத்துறதுக்கு முன்னாடியே."

"ம்."

"அப்போ அவன் மாட்டுனதுலயும் ஒண்ணும் இல்ல."

"யாரு மாட்டுனதுலயும் ஒண்ணும் இல்லய்யா."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"லைன் லீடர் தனியா கூப்ட்டான். உங்க மூணு பேரு கைதான் அந்த எடத்துல, எவன் கைன்னு சொல்லு, இல்லாங்காட்டி மூணு பேரும் கெளம்புங்கன்னான். எனுக்கு என் கை மேலயே சந்தேகம். என் கையா இருந்தா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன். அந்தோணி பேர சொல்லிட்டேன்."

பிரவீனாவுக்குச் சந்தையில் நின்ற அமலாவின் வயிறு கண்ணில் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா, அந்தோணி வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்துர்லாம்" என்றாள்.

"இன்னான்னு சொல்றது? நீ பண்ணத சொல்றதா, நான் பண்ணத சொல்றதா?"

"உன் லீடர்கிட்டயாவது சொல்லுயா. அவன திருப்பி எடுத்துக்கட்டும்."

"பொய் பேர் சொன்னவன்னு என்னிய தொரத்துவான். ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?" அவன் எழுந்தான். "இதுவரிக்கும் அவன் தப்புதான்னு நெனச்சிக்கினு எப்பிடியோ தூங்கிக்கினு இருந்தேன். நீ இத சொல்லாமலே இருந்திருக்கலாம், பிரவீனா."

சாயங்காலம் அவள் சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. லோகேஷ் போனான். போகாமல் என்ன செய்வான்? அந்தோணிராஜைக் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றிய அந்த ஒரு வேலையில்தான் இனி அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.