மூடாத சுவர்

ஒயர் இழுத்த சுவரைப் பலகை அடித்து மூடாமலே வைத்திருந்தான் ரங்கி. வந்து பார்க்கிறவர் ஒயர் போகிற வழியை அங்குலம் அங்குலமாகப் பார்க்கட்டும், ஒளிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற திமிர்தான். நியூசிலாந்தில் அவன் அப்பாவும் அப்படித்தான், பெரியப்பாவும் அப்படித்தான். சொந்த வீட்டுக்குத் தானே ஒயரிங் போட்டுக்கொள்வார்கள். பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கரண்ட் வந்துவிடும். குயின்ஸ்லாந்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும், இங்கே சட்டம் வேறாக இருக்குமோ என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை, பாவி மனுஷனுக்கு.

எல்லாம் பெண்டாட்டி ஹூயாவுக்காக. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், டயாலிசிஸுக்கு நூறு கிலோமீட்டர் போய், வாந்தியெடுத்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். வீட்டிலேயே மிஷின் வைத்துத் தருகிறோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதற்குத் தனி லைன் வேண்டும். லைசன்ஸ்காரர் தரும் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் அடுத்த ஆளுக்கு.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் கிளென் வந்தான். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"சுத்தமான வேலை. யாருண்ணே போட்டது?"

"வேற யாரு? நான்தான்."

கிளென் மீட்டரைப் பைக்குள் வைத்தான்.

"அண்ணே, இங்க லைசன்ஸ் இல்லாம ஒயரத் தொட்டாலே குத்தம். நீங்க போட்டதுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் பொழப்பு போயிரும்."

"அதான் டெஸ்ட் பண்ணினியே தம்பி, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க போட்டது. மொத்தத்தையும் உருவிட்டு நான் புதுசா போடணும்."

"அப்ப இன்னிக்கே போடு!"

"எங்கண்ணே? ஆலங்கட்டி மழையில பாதி ஊருக்குக் கூரையே இல்ல. மூணு வாரத்துக்கு ஆள் கிடையாது. மூணாவது வாரம் புதன்கிழமை நானே வர்றேன். அன்னிக்குப் போன்ல 'வந்து பாரு'ன்னு மட்டும்தான சொன்னீங்க? ஒயர் இழுக்கணும்னு சொல்லியிருந்தா நாள் முழுக்க ஒதுக்கியிருப்பேனே."

கதவில் சாய்ந்து நின்ற ஹூயா சிரித்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திருமாய்யா?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான் ரங்கி.

மிஷின் வேறு யாருக்கோ போனது. அன்றே ஒயரையெல்லாம் உருவிப்போட்டான் ரங்கி. மறுபடி அதே சாலை, அதே வாந்தி. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கையில், காரிலேயே அவள் தலை சாய்ந்துவிட்டது.

புதன்கிழமை, சொன்ன சொல் தவறாமல் கிளென் வந்தான். வாசலெல்லாம் கார்கள். மிஷினுக்கென்று ஒழித்துவைத்த அறையிலேயே, திறந்த பெட்டியில் ஹூயா கிடந்தாள். நியூசிலாந்துப் பூர்வகுடிகளான ரங்கியின் ஆட்கள் செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதைக்கும்வரை ஒரு நிமிஷமும் தனியே விடமாட்டார்கள். ஜனவரி வெயில் கொளுத்தியது. வாடகை ஏசியைப் பழைய லைனில் சொருகினால் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. பெட்டியைச் சுற்றி ஐஸ் மூட்டைகளை அடுக்கி, மாற்றி மாற்றி விசிறினார்கள்.

கிளென் தொப்பியைக் கழற்றினான். "ஐயோ, தெரியாம வந்துட்டேண்ணே. இன்னொரு நாளைக்கு..."

"போகாத தம்பி. இன்னிக்கே போடு. அவளுக்கு ஏசி வேணும்."

கிளென் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்த்தான். ரங்கி துளைத்துவைத்த அதே ஓட்டைகள் வழியாகத்தான் புது ஒயரும் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான் ரங்கி. இரண்டு மணி நேர வேலை. ஐயோ, வெறும் இரண்டு மணி நேரம்!

டெஸ்ட் பண்ணி, சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் கிளென். ரங்கி ஏசியைச் சொருகினான். ஃப்யூஸ் போகவில்லை. குளிர்காற்று ஹூயாவின் முன்நெற்றி மயிரை லேசாக அசைத்தது.

ரங்கி காகிதத்தை நாலாக மடித்து அவள் கைக்கடியில் வைத்தான்.

"கேட்டிருக்கணும் புள்ள," என்றான். "ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்."