நேரா புடிச்சுக்கோ

“இப்டியே புடிச்சுக்கினு இருந்தா போதுமா?” என்று வண்டிக்குள்ளிருந்து கேட்டாள் சைனம்பு.

“அவ்ளோதான். ஒரு நூல் அசையக் கூடாது,” என்றார் ஷவுகத் அலி.

அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன.

குமணன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. வீட்டு வாசல்தான் அந்த டோயிங் வண்டிக்கும் இடம். ரிப்பேராகி நிற்கும் கார்களையும், மோதி நொறுங்கிய வேன்களையும் கொக்கி போட்டுத் தூக்கி இழுத்து வருவது ஷவுகத் அலியின் தொழில். போன வாரம் நசரத்பேட்டை அருகே ஒரு வேனை இழுத்து வரும்போது முன்சக்கரம் மீடியன் கல்லில் ஏறி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஸ்டியரிங் கோணிக்கொண்டது. அதை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். நேராகப் பிடித்தால் வலப்பக்கம் ஒதுங்கும்.

“ஸ்டியரிங்க கழட்டித் திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது பாய்,” என்று பக்கத்துப் பஞ்சர் கடை பூபாலன் சொன்னான்.

“கால் கோணலா கீதுன்னா மூஞ்சிய திருப்பி வெச்சா சரியாப் போயிடுமா?” என்றார் இவர்.

கோளாறு கீழே இருந்தது. ஸ்டியரிங்கின் அசைவை இரண்டு சக்கரங்களுக்கும் கொண்டுபோகும் டை ராடு தண்டுகளில் ஒன்றைக் கொஞ்சம் நீட்டி, மற்றதை அதே அளவு குறைக்க வேண்டும். அது முடியும்வரை மேலே ஸ்டியரிங் நேராக நின்றாக வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்குப் பிடிக்க வரும் பூபாலன் அன்றைக்குப் பார்த்துத் திருவிழா என்று ஊருக்குப் போய்விட்டான். கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார். இளகிக்கொண்டே வந்தது. கடைசியில்தான் அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். ஏறும்போது படியில் ஒரு கால் வைத்து நின்று மூச்சு வாங்கினாள். இத்தனை வருடத்தில் இடப்பக்கம் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, யாருடைய வீட்டு நாற்காலியிலோ உட்காருகிறவள் போல நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நன்றாகச் சாய்ந்துகொண்டது சீட்டின் முனகலிலிருந்து அவருக்குத் தெரிந்தது.

“இங்கேர்ந்து பாத்தா ரோடு முச்சூடும் தெரியுதுங்க.”

“ம்.”

“நம்ம ஊட்டுக் கூரை ஷீட்டு மேல யாரோ ஒத்த செருப்ப வீசிக்கிறாங்க. எப்பலேர்ந்து அங்க கெடக்குதோ.”

அவர் சிரித்தார். கீழே ஸ்பேனரை லாக் நட்டில் மாட்டித் தம் பிடித்து இழுத்தார். துரு பிடித்திருந்தது. அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“வண்டி தூக்கப் போறீங்களே, அதுக்குள்ள ஆளு இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

நெடுஞ்சாலையில் ஒரு லாரி போனது. அதன் அதிர்வு முதுகுக்குக் கீழே தரையில் ஓடியது.

“சொல்ல வேணாம்னா வுடுங்க,” என்றாள் அவள். பிறகு, “கை வலிக்குது. கையை உள்ள வுட்டு அணைச்சாப்ல புடிச்சுக்கட்டா?”

“புடிச்சுக்கோ. நேரா கீதா பாரு.”

“நேராத்தான் கீது.”

நட்டு கிறீச்சிட்டு இளகியது. தண்டைத் திருக ஆரம்பித்தார். கை வேலையில் இருந்ததாலா, அவள் முகம் கண்ணில் படாததாலா, தெரியவில்லை. அவருக்குப் பேச வந்தது.

“ஆளுங்கள போலீஸ்காரங்க எடுத்துருவாங்க சைனம்பு. நான் போறப்போ வண்டி மட்டும்தான் இருக்கும். ஆனா உள்ள எல்லாம் அப்படியே கெடக்கும். ஒரு வாட்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காரு. மழை வுட்டுப்போயி வெயிலே வந்துருச்சு. வைப்பரு மட்டும் ஓடிக்கினே கீது. அத நிறுத்தறதுக்குக் கையை உள்ள நீட்டினேன். சீட்டுல ஒரு டிபன் பாக்ஸு, தொறந்து பாதி துன்ன மேனிக்கு.” அவர் நிறுத்தினார். மேலேயிருந்து சத்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். “அன்னிக்கு நீ கறி ஆக்கி வெச்சிருந்த. நான் துன்னாம போய்ப் படுத்துட்டேன். நீ ரெண்டு நாளு எங்கிட்ட பேசல. ஞாபகம் கீதா?”

இடப்பக்கத்துத் தண்டை முடித்து நட்டை இறுக்கினார். பேனரோடு நகர்ந்து வலப்பக்கத்துக்குப் போனார்.

“பயம்தான். வேற ஒண்ணும் இல்ல. இன்னிக்கும் எட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கினு ஓதிட்டுத்தான் பாக்குறேன். ஊட்டுக்கு வந்து சோத்து முன்னாடி உக்காந்துக்கினு அத எப்படிச் சொல்றது? அதான் வாசல் கொழாயிலயே தண்ணிய ஊத்திக்கினு கம்முனு வந்துருவேன். நீ கோவம்னு நெனச்சுக்குவ.”

அவள் எதுவும் சொல்லவில்லை. அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். அதனால் அவரும் பேசாமல் வேலையைப் பார்த்தார். சக்கரங்கள் இரண்டும் நிலையாக நின்றன. பூபாலன் பிடிக்கும்போது போனைப் பார்ப்பான், தும்முவான், சக்கரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். இன்று ஒரு ஆட்டமும் இல்லை. வலப்பக்கத்து நட்டையும் இறுக்கினார்.

“போதும், வுட்டுரு,” என்றார்.

சக்கரம் அசையவில்லை.

“சைனம்பு, முடிஞ்சுதுமா. கையை எடு.”

வெளியே வந்து எழுந்து நின்று பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்குள் முழங்கைவரை நுழைத்துக் குழந்தையை அணைப்பதுபோல் அதை அணைத்திருந்தாள். தலை சீட்டில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்து சாலைப் பக்கம் பார்த்தன. முந்தானை தலையை விட்டு நழுவவில்லை.

அவர் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து, கிரீஸ் படிந்த கையை அவள் கன்னத்தருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். புறங்கையை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் அஞ்சலை அவர் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “அக்கா! அக்கா!” என்று உலுக்கினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். பாலம் வேலையால் சாலை அடைத்துக் கிடக்கிறது, நேரமாகும் என்றார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து கட்டைகளை உருவி ஜாக்கியை இறக்கினார்கள். சைனம்புவை இடப்பக்கம் நகர்த்தி உட்கார வைத்து, அஞ்சலை அவளைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஷவுகத் அலி வண்டியை எடுத்தார்.

சந்து தாண்டிச் சாலையில் ஏறியபோதுதான் அது அவருக்குப் பட்டது. கை பழக்கத்தில் இடப்பக்கம் சாய்க்கப் போனது. வண்டி அதைக் கேட்கவில்லை. ஸ்டியரிங் நடுவில் நேராக நின்றது. பிடியைச் சற்றுத் தளர்த்தினார். வண்டி நூல் பிடித்தாற்போல் தன் போக்கில் நேராகப் போனது. புது வண்டியில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

மரணத்தை அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். அது கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு வரும், இரும்பைக் காகிதம்போல் கசக்கிப் போடும், சாலையில் இருபதடி நீளத்துக்கு டயர் தடம் விட்டுப் போகும். அதுதான் இன்று அவர் முகத்துக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொட்டுவிடும் உயரத்தில், வந்து போயிருக்கிறது. அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தை ஒரு நூல்கூட அசைக்காமல் வந்து போயிருக்கிறது.

“வேகமா போங்க பாய்,” என்றாள் அஞ்சலை, அழுதுகொண்டே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “ஹார்ட் நின்னுபோயிருக்கு. தூக்கம் வர்ற மாதிரிதான் போயிருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு, அவருடைய கிரீஸ் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

மகள் ஃபிசா கோவில்பதாகையிலிருந்து வந்து சேர்ந்தபோது வீட்டில் உறவுப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அடுப்படியில் சைனம்பு காலையில் அரிந்து வைத்த கத்தரிக்காய் தண்ணீரில் கிடந்தது. யாரோ அதை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் குளிப்பாட்டத் தண்ணீர் காய வைத்தார்கள்.

“கஷ்டப்பட்டாங்களா அத்தா?” என்று ஃபிசா கேட்டாள்.

“நான் கீழ இருந்தேம்மா. எனக்குத் தெரியல.”

“கூப்டவே இல்லியா?”

அவர் இல்லையென்று தலையசைத்தார். அவள் அவரையே பார்த்தாள்.

அஞ்சலை தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்தாள். “பாய், நீங்க அக்காகிட்ட இன்னா கதை சொல்லிக்கினு இருந்தீங்க?”

“ஏன்?”

“டீ ஆத்திக்கினே பாத்தேன். வண்டிக்குள்ள குந்திக்கினு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கினு இருந்துச்சு. குனிஞ்சு தோள் முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிச்சு. அப்பறம் கஸ்டமர் வந்துட்டாங்க, நான் திரும்பிட்டேன்.”

“அது எப்போ?” என்றார் ஷவுகத் அலி. “செருப்பு பத்திப் பேசினப்பவா, அதுக்கு அப்பறமா?”

“எந்தச் செருப்பு பாய்? எனக்கு இன்னா தெரியும், எட்டத்துலேர்ந்து பாத்தேன்,” என்றாள் அவள்.

குளிப்பாட்டும் அறைக் கதவைச் சாத்தினார்கள். அவர் வாசல் குழாயடியில் போய் உட்கார்ந்தார். தொழுகைக்கு நிற்க வேண்டும். அதற்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யக் கையில் கிரீஸ் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். பிறகு சோப்பு, பிறகு செங்கல்தூள். விரலிடுக்கில் இருந்தது போனது, நகக்கண்ணில் இருந்தது போக மறுத்தது. ஈர்க்குச்சியால் ஒவ்வொரு நகமாகச் சுரண்டி எடுத்தார்.

ஃபிசா வெளியே வந்து பக்கத்தில் குந்தினாள். கைகள் வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. கற்பூர வாசனை அடித்தது.

“அம்மா கை ரெண்டுலயும் உள்பக்கமா வளையல் மாதிரி ஒரு தடம் கீது அத்தா,” என்றாள் மெதுவாக. “எவ்ளோ தண்ணி ஊத்தியும் போகல. இன்னா அது?”

அவர் குழாயை மூடினார். தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மார்போடு வளைத்து அணைத்துக் காட்டினார். ஃபிசா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைத் துணியில் சைனம்புவின் முகத்தை மட்டும் திறந்து வைத்து அவரைக் கூப்பிட்டார்கள். எந்த வண்டிக்குள் எட்டிப் பார்க்கும் முன்பும் கண்ணை மூடுகிற மனிதர் கண்ணைத் திறந்தபடியே போய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பெண்கள் அவசரப்படுத்தவில்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. பள்ளிவாசலும் கபர்ஸ்தானும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கத்து இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். மரம் தோளில் அழுந்தியது. இவ்வளவு கனமில்லாமலா இருப்பாள் என்று தோன்றியது.

சந்து முனைக்கு வந்தார்கள். ஆபீஸ் விடும் நேரம். பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ்களும் கம்பெனி வேன்களும் பைக்குகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. இந்தச் சாலையில் ஒரு வண்டியைத் தூக்குவதற்குள் அவர் எத்தனை வசவு வாங்கியிருக்கிறார். டிராபிக் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

முதலில் ஒரு மாநகரப் பேருந்து நின்றது. அதன் டிரைவர் என்ஜினை அணைத்தார். பக்கத்தில் மணல் லாரி அணைந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போவது கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்றும் கேட்காமல் போனது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான் ஒருவன். பூ விற்றுவிட்டு வீடு திரும்பும் பெண்கள் பஸ் இருக்கைகளிலிருந்து எழுந்து நின்றார்கள். நடப்பவர்களின் செருப்புச் சத்தமும், மெல்லிய குரலில் ஓதும் சத்தமும் மட்டும் அத்தனை அகலமான சாலையின் மேல் போய்க்கொண்டிருந்தன.

அவர்கள் பாதியைக் கடந்திருந்தபோது வண்டிகளுக்கான பச்சை விளக்கு எரிந்தது.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை.