பஸ்ஸில் எண்ணிய வேர்முடிச்சுகள்

12 பிப்ரவரி 2025, புதன்

இன்று காலை ஒரு தவறு செய்தேன். நிலக்கடலைச் செடியின் (எங்கள் ஊரில் மல்லாட்டை) வேர்களில் ஒட்டியிருந்த சிறு உருண்டைகளை நோய் என்று நினைத்து, எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் எடை போட்டேன்.

திண்டிவனத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு பாலித்தீன் கூடாரங்கள் போட்டிருக்கிறேன். ஒன்றில் வெறும் காற்று. இன்னொன்றுக்குள், வெல்லத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு, அதில் வரும் கரியமில வாயுவைக் குழாய் வழியாக விடுகிறேன். அந்த வாயு கூடினால் இலை அதிகச் சர்க்கரை செய்யும். அதைச் செடி எங்கே செலவழிக்கிறது என்பதுதான் என் கேள்வி. நாற்பத்தைந்தாம் நாளான இன்று, கூடாரத்துக்கு ஒரு செடி பிடுங்கினேன். வாயுச் செடி அரை கிராம்தான் அதிகம்.

வித்தியாசம் தெரியாவிட்டால் சனிக்கிழமை நடக்கும் அறிவியல் கண்காட்சியில் எனக்கு மேசை கிடையாது என்று விழுப்புரம் மாலை வகுப்பு தேவசகாயம் சார் முன்பே சொல்லியிருந்தார்.

வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் தோழி சங்கவியிடம் இதைச் சொன்னேன்.

"அடிப்பாவி! அது நோவு இல்லடி கலை, வேர்முடிச்சு. மல்லாட்டைக்குத் தழைச்சத்து புடிச்சிக் குடுக்குற பாக்டீரியா அதுலதான் இருக்குது. சார் நடத்துனப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"நோட்ஸ் எழுதிக்கினு இருந்தேன்."

உண்மைதான். பக்கம் 31. அந்தப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இலையிலிருந்து இறங்கும் சர்க்கரை என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நல்லவேளை, என்ன நோய் என்று சாரிடம் கேட்பதற்காக, கிள்ளியதை இரண்டு டப்பாக்களில் பெயரெழுதி எடுத்து வந்திருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றதும் கைக்குட்டையை விரித்து எண்ணினோம்.

"இன்னாம்மா, பஸ்ஸுல மிளகு வியாபாரமா?" என்றார் கண்டக்டர்.

"மூச்சு விடாதீங்கண்ணா, பறந்துடும்!" என்றாள் சங்கவி.

வெறும் காற்றுச் செடிக்கு 42. வாயுச் செடிக்கு 79. அப்படியானால் கூடுதல் சர்க்கரை போனது இந்த முடிச்சுகளுக்குத்தான். நம்பாமல் மறுபடி எண்ணினேன். 78. மடியில் தேடினேன்.

"ஒன்னு என் நகத்துல இருக்குடி" என்று சங்கவி பிளந்து காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு. நன்றாக வேலை செய்த முடிச்சு.

டப்பாக்களைப் பார்த்து சார் சிரித்தார். "தப்பையும் பத்திரமா எடுத்துக்கினு வந்திருக்கியேம்மா! மேசை உனக்குத்தான். ஆனா ஒரு ஜோடிச் செடிய வெச்சி யாரும் நம்பமாட்டாங்க."

நானே நம்பவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு: மீதமுள்ள எட்டுச் செடிகளையும் மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, முடிச்சு உதிராமல் கழுவி எண்ண வேண்டும்.