ஐந்நூறாவது முறை

சீசன் முடிய ஒன்பது ஆட்டங்கள் இருந்தபோது பிரெண்ட் ஹாலோவே என்னை மாடிக்குக் கூப்பிட்டான். எங்கள் ரிவெட்டர்ஸ் டீமின் ஜெனரல் மேனேஜர் அவன். முப்பத்து மூன்று வயது. வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை, ஆனால் யார் அடிக்கக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவன் கையில் இருந்தது. நான் கீழே வீரர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தும் மேனேஜர். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வருடம் சின்ன லீக் பஸ்களில் முதுகு ஒடிந்த பிறகு கிடைத்த வேலை இது. என் ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உக்காருங்க ராய். காபி சொல்லட்டுமா?"

"வேணாம். விஷயத்தைச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, மிச்சம் இருக்கற ஆட்டத்துல சின்னப் பசங்களை நல்லாப் பாத்துக்கணும்னு ஓனர் ஆசைப்படறாரு. அடுத்த வருஷம் சம்பளப் பட்டியல் இறுக்கிப் பிடிக்காம, கொஞ்சம் காத்து வரணும் பாருங்க. அப்பதானே புதுசா எதையாவது கட்ட முடியும்?"

"எலாடியோவைச் சொல்றீங்களா?"

"நான் யார் பேரையும் சொல்லலையே" என்று சிரித்தான்.

சொல்லமாட்டான். சொன்னால் வீரர்கள் சங்கம் அவன் கழுத்தைப் பிடிக்கும். எலாடியோ பெரால்டாவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இந்த சீசனில் அவன் ஐந்நூறு முறை பேட்டிங் செய்ய இறங்கினால் அடுத்த வருட ஒப்பந்தமும் தானாக அவனுடையது. அன்றைக்கு நானூற்று எண்பத்தெட்டு ஆகியிருந்தது. இன்னும் பன்னிரண்டு. ஒழுங்காக ஆடினால் மூன்றே நாள் வேலை. அந்தப் பன்னிரண்டு கிடைக்காவிட்டால் முப்பத்தெட்டு வயதில், அந்த முழங்கால்களோடு, வேறு எந்த டீமும் அவனைச் சீண்டாது. அதோடு அவன் பேஸ்பால் முடிந்தது.

ஜூலையிலேயே பெரிய பெயர்களையெல்லாம் விற்றுவிட்டு, மீசை அரும்பாத பையன்களை வாங்கி நிரப்பியிருந்தார்கள். எலாடியோவை மட்டும் விற்க முடியவில்லை, அவன் சம்பளத்தைத் தூக்க ஆள் இல்லை. தொண்ணூற்று நான்கு ஆட்டம் தோற்றிருந்தோம். எனக்கு வந்த கோபத்தில் பிரெண்டின் மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். "சரி, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அணிப்பட்டியலை இன்னமும் கையால்தான் எழுதுகிறேன். மதியம் எழுதி, உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுவேன். முதல் ஆளாக வந்து படிப்பவன் எலாடியோ. பதினாறு வருடம் முன்பு, அவன் ஒல்லிக்குச்சியாக வந்திறங்கிய நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். அன்றைக்கே என்னைக் கிழவா என்றுதான் கூப்பிட்டான்.

"கிழவா, உன் கையெழுத்து வர வர மோசமாயிட்டே போவுது. என் பேரை எங்கியோ எழுதியிருக்க, எனக்குத்தான் கண்ணு தெரியல."

"இன்னிக்கு உன் முட்டிக்கு ரெஸ்ட்."

"அப்படியா? எங்கிட்ட முட்டி ஒண்ணுமே சொல்லலையே. உங்கிட்டதான் போன்ல பேசுச்சா?"

பையன்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தன் அவன் அலமாரிக் கதவில் வெள்ளை டேப் ஒட்டி 488 என்று எழுதிவைத்திருந்தான். அறையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு நாள் ஆடவிட்டேன், ஆறாவது இன்னிங்ஸில் வெளியே எடுத்தேன். அடுத்த நாள் உட்காரவைத்தேன். மூன்று ஆட்டத்தில் இப்படி மூன்று மூன்று முறை இறங்கினான். இரண்டு ஆட்டத்தில் கடைசியில் வேறு ஒருவனுக்குப் பதிலாக ஒரு தரம் அனுப்பினேன். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு மாதிரி, மாடியில் கேட்டால் "பசங்கதானே நெறைய ஆடறாங்க" என்றேன், கீழே கேட்டால் "உன்னை விட்டுடலையே" என்றேன்.

என் மனைவி ஜோலீனுக்கு பேஸ்பால் பாதிதான் புரியும், என்னை முழுசாகப் புரியும். "பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டிக்கிட்டு இருக்க" என்றாள்.

"ஒப்பந்தம் போச்சுன்னா இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"அதையேதான அவனும் கேக்கறான்."



கடைசி ஆட்டத்தன்று டேப்பில் 499 என்று இருந்தது. ஒரே ஒரு முறை. முதல் இரண்டு இன்னிங்ஸுக்குள் முடிந்துவிடும் காரியம். மதியம் என் அறையில் உட்கார்ந்து நான்காவது இடத்தில் பெரால்டா என்று எழுதினேன். எழுதியதும் நெஞ்சு லேசானது, பொய் சொல்லவில்லை. உடனே போன் அடித்தது.

"ராய், பட்டியல் போட்டாச்சா? சும்மாதான் கேட்டேன்" என்றான் பிரெண்ட்.

"போட்டுட்டே இருக்கேன்."

"உங்களைப் பத்தி ஓனர் நல்லாப் பேசினாரு. ஆட்டம் முடிஞ்சதும் கீழ வரேன்."

போனை வைத்தேன். அந்த அட்டையைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். அதில் எல்லாமே பையன்கள்.

எலாடியோ வந்தான், படித்தான்.

"என்னடா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"எல்லாம் சொல்லியாச்சு கிழவா. ஷூவைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். கூப்பிட்டா வருவேன்."

எட்டு இன்னிங்ஸ் அவன் பெஞ்சின் கோடியில் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இப்போது கூப்பிடலாம், இப்போது கூப்பிடலாம் என்று நினைத்தேன். எதிரே மேலே கண்ணாடி அறையில் பிரெண்டின் சட்டை தெரிந்தது. எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஒன்பதாவதில் அது கிடைத்தது. எங்கள் கடைசி வாய்ப்பு, ஒரே ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இரண்டு பேர் அவுட். கேசன் விட்லோ நான்கு தப்புப் பந்துகளைப் பார்த்துவிட்டு ஓசியில் முதல் பேஸுக்குப் போனான். இருபத்தொரு வயது, காற்று மாதிரி ஓடுவான், மாடிக்காரர்களின் செல்லப்பிள்ளை. அடுத்து இறங்க வேண்டிய பையன் அன்றைக்கு மூன்று முறையும் வெறுங்காற்றை அடித்திருந்தான். ஜெயிக்கப் பார்க்கிற எந்த மேனேஜரும் ஆளை மாற்றுவான். என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"எலாடியோ, போ."

எழுந்து நடந்தான். நாற்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் ஒன்பதாயிரம் பேர்தான் இருந்தார்கள், அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவன் ஹெல்மெட்டைத் தொட்டு வணங்கிவிட்டுக் கோட்டுக்குள் நின்றான். எனக்குக் கண் கலங்கியது. ஏதோ நான் அவனுக்குக் கொடுத்த வரம் மாதிரி.

முதல் பந்தைத் தொடாமல் விட்டான். அப்போதுதான் கேசனின் காலைப் பார்த்தேன். பேஸைவிட்டு நகர்ந்து நகர்ந்து, பந்து அடிபடும் முன்பே ஓடி இரண்டாவது பேஸைத் திருடப் போகிறவனின் நிற்பு.

பேட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஓடுகிறவன் மூன்றாவது அவுட் ஆகிவிட்டால், பேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இறங்கியதாகவே கணக்கில்லை. ஆட்டமும் அங்கேயே முடிந்துவிடும். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு.

பையன்கள் எப்போது வேண்டுமானாலும் ஓடலாம் என்பது மாடியின் நிரந்தர உத்தரவு. ஓடித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். தடுக்க என்னால் மட்டும் முடியும். நான் தொப்பியைக் கழற்றினால் "நில்" என்று அர்த்தம். அவ்வளவுதான், தொப்பியைக் கழற்றினால் போதும். ஆனால் ஒரு ரன் பின்தங்கியிருக்கும்போது, டீமிலேயே வேகமானவனை நிறுத்திவைக்க பேஸ்பாலில் ஒரு நியாயமும் கிடையாது. எலாடியோ ஒருவன்தான் காரணம் என்று கண்ணாடி அறைக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆளை மாற்றியதற்குச் சாக்கு இருந்தது. இதற்கு இல்லை.

எலாடியோ கோட்டைவிட்டு வெளியே வந்தான். கையுறையைச் சரிசெய்கிற மாதிரி நின்று, நேராக என்னைப் பார்த்தான். கேசனும் என்னைப் பார்த்தான், நல்ல பிள்ளையாக. என் கை எழுந்தது. காது வரை போனது. காதைச் சொறிந்துவிட்டுக் கீழே வந்தது.

எலாடியோ திரும்பிப்போய் நின்றான். பிட்சர் கையை ஓங்கியதும் கேசன் பறந்தான். பந்து வெளியே தள்ளி வந்தது, அடிக்க முடியாத தூரத்தில். கேட்சர் எழுந்து எறிந்தான். இரண்டாவது பேஸில் தூசி எழும்பியது. அவுட் என்று நடுவர் முஷ்டியை மடக்கினார். எலாடியோ பேட்டைத் தோளில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் கிளம்பத் தொடங்கியது. என்ன நடந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியிலேயே பிரெண்ட் பிடித்துக்கொண்டான். ஓடி வந்திருப்பான் போல, மூச்சு வாங்கியது.

"தோத்தா என்ன ராய்! அந்தக் கட்டத்துலயும் பையனை ஓட விட்டீங்க பாருங்க, அந்தத் தைரியம்தான் எங்களுக்கு வேணும். ரெண்டு வருஷம். நாளைக்கே கையெழுத்து."

"நன்றி" என்றேன். சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

உள்ளே எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எலாடியோ ஒரு அட்டைப்பெட்டியில் ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போவதற்குள் கேசன் குறுக்கே வந்து நின்றான். அந்த 499க்கு அவன் ஓட்டம் என்ன செய்தது என்று குளிக்கும் இடத்தில் யாரோ விளக்கியிருக்கிறார்கள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மேனேஜரைப் பையன்கள் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஸ்கிப், நீங்க நில்லுன்னு காட்டினீங்களா? நான்தான் பாக்காம விட்டுட்டேனா? சத்தியமா உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன் ஸ்கிப்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி அவன் தலையில் போய்விடும். இருபத்தொரு வயது, தாங்குவான், அடுத்த வருடம் மறந்துவிடுவான். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

"அவர் காட்டலடா" என்றான் எலாடியோ, நிமிராமலே. "நானும்தான் பாத்துட்டு இருந்தேன். உன் மேல தப்பில்ல. போ, போய் மூஞ்சியைக் கழுவு."

பையன் போனான். எலாடியோ பெட்டியை மூடி டேப் ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தான்.

"மாடிக்காரன் உன்னோட பேசிட்டு இருந்தானே. எத்தனை வருஷம் குடுத்தான்?"

"ரெண்டு."

தலையை ஆட்டினான். எழுந்து கையை நீட்டினான். நானும் கொடுத்தேன்.

"நல்லாரு கிழவா. எனக்கு ஒண்ணு போதுமா இருந்துச்சு."