ஓடையோரப் பாத்தி

இந்த நாற்றம் என் கையிலிருந்து வருகிறதா, எனக்குள்ளிருந்தே வருகிறதா?

விடியற்காலைக் குளிரில் முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. உலோகம் உருக்கும் பட்டறையின் கழிவு கலந்த ஓடைநீர்தான் பாத்திக்குப் பாய்ந்தது. வேரில் ஒட்டிய சேறு சளியைப்போல வழுக்கியது. எச்சிலை விழுங்கினால் துருவின் ருசி. கழுவிக் குவித்த முள்ளங்கி மட்டும் ஒன்றும் அறியாததுபோல வெளுத்துக் கிடந்தது.

உடைந்த முள்ளங்கியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது தோட்டத்து முதலாளியின் தாராளம். அவள் மகள் அதைத் தின்றுதான் வளர்ந்தாள்.

முதலாளி மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி வந்து இரண்டு பைகளை நீட்டினார்.

"ஆய்வுக்கூடத்து வண்டி இப்ப வந்துடும். ஈயம், காட்மியம் இருக்கான்னு பார்க்கணுமாம். ஒண்ணுல மண்ணு, ஒண்ணுல முள்ளங்கி போட்டுக் குடுத்துடு. நம்ம வீட்டுக்குப் பிடுங்குவியே, அந்த மேட்டுப் பாத்தியில எடு. கேட்டா, ஓடையோரப் பாத்தின்னு சொல்லு."

தொட்டியைச் சுற்றிக் கழுவிக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேட்டுப் பாத்திக்குக் கிணற்றுத் தண்ணீர். அவர் வீட்டுக்குப் பக்கம் என்பதால் அங்கே பிடுங்கச் சொல்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, "உடைஞ்சதை வீணாக்காதீங்கம்மா" என்று சிரித்திருக்கிறார்.

"ஏங்க, உங்க வீட்டு வயிறு மட்டும் பட்டுநூல்ல நெய்ததா?" எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய ஓரகத்தி கேட்டாள்.

"வாயை மூடு. தோட்டத்தை இழுத்து மூடினா நீங்கதான் பட்டினி."

"தின்னதை நினைச்சுத்தான் வயித்தைக் கலக்குது. தின்னாததுக்கா பயப்படப் போறோம்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை. ஒவ்வொருத்தியாகத் தொட்டியிலிருந்து கையை எடுத்தார்கள். ஓரகத்தி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒருத்திக்கும் தெரியாது.

முதலாளி அவளிடம் குனிந்தார். குரலில் தேன் வழிந்தது.

"அவளுங்க கெடக்கட்டும். நீ விவரம் தெரிஞ்சவ. உன் பொண்ணு படிப்பை நான் பார்த்துக்கறேன்மா. பிடி."

சேற்றைக்கூடக் கழுவிவிடலாம், இந்தக் குரலை எதைக்கொண்டு கழுவுவது?

அவள் பைகளை வாங்கிக்கொண்டாள். ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"எங்கே போற? மேடு அந்தப் பக்கம்!"

"மேட்டுல எடுக்க மாட்டேங்க," என்றாள், குரலை உயர்த்தாமல்.