கட்டிக்குப் பட்டினி

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குக்கா. இன்னைக்கும் ஊசி போட முடியாது. அடுத்த வாரம் வாங்க" என்று நர்ஸ் சகாயராணி சொன்னதும் தவசி மனைவி இருளம்மாளைத் திரும்பிப் பார்த்தான். போன வாரமும் இதையே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊசி தள்ளிப்போகப் போக அவள் மாரில் இருக்கும் கட்டிக்குத்தான் கொண்டாட்டம் என்பது அவனுக்குத் தெரியும். மார்க்கையன்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்ததெல்லாம் வீண்.

இருளம்மாள் கலங்கவில்லை. நெல் மூட்டை தூக்க ஒரு கை கொடுக்க ஆள் தேடாதவள். இப்போது தோள்பட்டை எலும்பில் ஜாக்கெட் தொங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு தெளிச்சி.

"கட்டி சுருங்கிருக்கா தாயி? அத மட்டும் சொல்லுங்க."

"சுருங்கிருக்குக்கா. டாக்டரு பாத்துட்டுச் சொன்னாக. மருந்து நல்லா வேலை செய்யுது."

"மருந்தா வேலை செய்யுது" என்று இருளம்மாள் உதட்டுக்குள் சிரித்தாள்.

சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். "வீட்ல என்ன சாப்புடுறீங்க?"

"தெனமும் முட்டை அவிக்கிறா, ஈரலு வாங்கிப் போடுறேன்" என்று தவசி முந்திக்கொண்டான். சொல்லி வாய் மூடுமுன்னே அவனுக்கு உறைத்தது. வயலில் அவள் கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றுக்கு அடியில் முட்டை இருக்கும். அவளும் ஒன்று தின்றிருப்பாள் என்று நினைத்து, வரப்பில் உட்கார்ந்து உப்புத் தொட்டுத் தின்பான்.

"ஏ புள்ள, நீ தின்னியா இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான் திங்கிற சத்தை அதுதான் இழுத்துக்கிடும்னு போன மாசம் இவுகதான சொன்னாக. எம் ஒடம்புலயே குடியிருந்துக்கிட்டு எஞ் சோத்தையே திங்குறதுக்கு நான் ஏன்யா ஊட்டி விடணும்? காயட்டும்னு விட்டேன். நாலு வாய்க் கஞ்சி, அம்புட்டுத்தான்."

சகாயராணி ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளருகில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "அது வெளியிலருந்து வந்த பூச்சி இல்லக்கா. நம்ம ஒடம்போட செல்லுதான். மத்த செல்லெல்லாம் வேலை முடிஞ்சா சாகும், புதுசு வரும். இது சாகாம பெருகிக்கிட்டே போகுது. நீங்க பட்டினி கெடந்தாலும் விடாது, ஒங்க சதையக் கரைச்சு எடுத்துக்கிடும். மருந்து அதைக் கொல்லும்போது நல்ல ரத்தமும் கொஞ்சம் சாகத்தான் செய்யும். அதை ஈடுகட்ட நீங்கதான் சாப்புடணும்."

இருளம்மாள் நம்பவில்லை என்று தவசிக்குத் தெரிந்தது.

"எத்தனை வயக்காட்டுல களை எடுத்திருக்க" என்றான். "கோரையக் கொல்லணும்னு எவனாச்சும் மடைய அடைச்சானா? அடைச்சா மொதல்ல கருகுறது நெல்லு. கோரை கெழங்க வச்சுக்கிட்டு சொகமாக் கெடக்கும்."

"பெரிய வெவசாய ஆபீசரு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "ஊசி அவுக போடுறாக, மாத்திரை அவுக குடுக்குறாக. எங்கையால நான் செஞ்சது இது ஒண்ணுதான்யா. அதுவும் தப்பா?"

தவசி அவள் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் சோறும் ஈரல் வறுவலும் வாங்கி, அவள் முன்னால் நகர்த்தி வைத்தான். மருந்தில் அவளுக்கு வாயெல்லாம் புண். ஒரு கடைவாயால் அரைத்து அரைத்து விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் நீர் முட்டியது.

"அடுத்த வாரம் ரத்தம் ஏறிருமாய்யா?"

"ஏறும்" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது. அவள் தலையில் போட்டிருந்த முந்தானை நழுவி மொட்டைத் தலை வெளியே தெரிந்தது. அவள் கை முழுக்கச் சோறு, இழுத்துவிட முடியவில்லை. எதிர் மேசைக்காரன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். தவசி எட்டி முந்தானையை இழுத்துப் போர்த்தி, காற்றில் மறுபடி விலகாதபடி உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். துணிக்கு உள்ளே சூடாக இருந்தது. அவள் மென்று விழுங்கும் அசைவு அவன் கைக்கு வந்துகொண்டே இருந்தது.