மூடுபனிக்கு மேலே

விமானத்தின் சத்தம் கேட்டதும் ஜெய்பிட்டி கையிலிருந்த தேநீரைத் தங்கையிடம் நீட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். வெளியே மூடுபனி. ஓடுபாதையின் முதல் விளக்குக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் தலைக்கு மேல் வந்து, கடல் பக்கம் போய்த் தேய்ந்தது.

நேற்றும் இப்படித்தான். கனடாவின் வடகோடியில், ஆஸ்பத்திரி உள்ள இக்கலுயிட் நகரத்திலிருந்து அவர்கள் ஊரான கிளைட் ரிவருக்கு எழுநூற்றைம்பது கிலோமீட்டர். காற்று ஒத்துழைத்தால் இரண்டு மணி நேரம். சாலை கிடையாது. நேற்று ஊரின் தலைக்கு மேலேயே வந்துவிட்ட விமானம், இறங்க முடியாமல் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அதற்குள் அவன் மனைவி ரீப்பிக்கா இருந்தாள். அவள் மடியில் அவர்கள் மகள்.

ரீப்பிக்காவின் அக்கா பெற்ற பிள்ளை. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையில்லாத தங்கையிடம், "இந்த வயித்துல இருக்கறது உனக்குத்தான்டி" என்று அவளாகவே சொல்லியிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். பிரசவத்துக்கு அக்காவோடு இக்கலுயிட் போன ரீப்பிக்கா, பிள்ளையோடு திரும்புகிறாள்.

"அண்ணே, மூக்கை எடு. கண்ணாடி உடைஞ்சிடப் போவுது" என்றாள் தங்கை மலாயா.

"பைலட் இன்னிக்கும் திரும்பிட்டானா?"

"நேத்து நீ சவரம் பண்ணாம வந்து நின்னே. புள்ள மேலருந்து பாத்துட்டு, வேணாம்னு போயிடுச்சு."

ஊர் வழக்கப்படி புதுப் பிள்ளையின் கையைக் குலுக்கி வரவேற்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. அவனால் முடியவில்லை. முகவாயைத் தடவிக்கொண்டான். வழவழவென்றுதான் இருந்தது.

வானொலி அறைப் பெண் தலையை நீட்டினாள். "இன்னொரு தரம் பாக்கறாராம். இதுலயும் ஆகலைன்னா திரும்பிடுவாராம்."

எல்லோரும் ஜன்னலுக்கு நெருங்கினார்கள். சத்தம் கடல் பக்கமிருந்து மறுபடி வளர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் முளைத்தன. அடுத்த நொடி சக்கரங்கள் சரளையில் உரசின. யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. ஜெய்பிட்டி கையுறைகூடப் போடாமல் வெளியே ஓடினான்.

ரீப்பிக்கா படியிறங்கினாள். முதுகில், அங்கியின் பெரிய குல்லாவுக்குள், ஒரு சின்ன உச்சந்தலை.

"தூங்குறா. கத்தாதே" என்றாள். பிறகு அவளே அழுதாள். "பேரு வச்சாச்சு. ஆர்னாக்."

அது போன குளிர்காலத்தில் செத்துப்போன அவன் அம்மாவின் பெயர். செத்தவர் பெயரை வாங்கிய பிள்ளை, அந்த ஊர்க்காரர்களுக்குத் திரும்பி வந்த அவரேதான். அவன் குல்லாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

அதற்குள் கிழவர் இல்கூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவன் அம்மாவோடு தினமும் சீட்டாடியவர். குல்லாவுக்குள் விரலை விட்டு, அந்தக் குட்டிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏய் ஆர்னாக்! ஜெயிச்ச கையோட எழுந்து போனவ, இப்பத்தான் வர்றியா?"

பிள்ளை கண் திறக்காமலே அவர் விரலை இறுகப் பற்றியது. விடவில்லை. அவருக்குப் பின்னால், கையுறைகளைக் கழற்றியபடி, ஊர் வரிசையில் நின்றது.